விலங்கின் நடத்தையும் விஞ்ஞானியின் கடமையும்

விஞ்ஞானி அரசியலுக்கு அப்பாற்பட்டவன் என்று வாதிப்போர் இன்றும் நம்மிடையே உளர். விலங்கு நடத்தையியல் பல்கலைக்கழகங்களில் ஒரு துறையாக உருப்பெற்ற வரலாற்றை அன்னோர் ஒருமுறை படித்தல் நன்று.

1936ஆம் ஆண்டு ஒல்லாந்தின் லைடன் நகரில் இருவர் சந்தித்தனர். ஒருவர் அங்குள்ள பல்கலைக்கழகத்தில் கற்பித்துவந்த நிக்கோ டின்பேர்கன். மற்றவர் ஒஸ்திரியரான கொன்ராட் லோரன்ஸ். மறு ஆண்டு ஒஸ்திரியாவின் அல்தன்பேர்க்கில் இருவரும் சேர்ந்து சாம்பல் வாத்தை ஆராய்ந்தனர். கூட்டுக்கு வெளியே உருண்ட முட்டையை அப்பறவை கழுத்தை நீட்டி, அலகின் அடிப்புறத்தால் உள்ளே இழுக்கும். இடையில் முட்டையை அகற்றிவிடினும், இழுக்கும் செயலை இறுதிவரை செய்து முடிக்கும். உடலுறுப்பைப் போலவே நடத்தையும் கூர்ப்பின் விளைவே என்ற கருத்து இத்தகைய அவதானங்களால் வலுப்பெற்றது.

அறிவால் ஒன்றுபட்ட இருவரையும் காலம் சோதித்தது. 1938இல் ஹிட்லர் ஒஸ்திரியாவை விழுங்கினான். அவ்வாண்டே லோரன்ஸ் நாஜிக் கட்சியிற் சேர்ந்தார். 1940இல் கோனிக்ஸ்பேர்க் பல்கலைக்கழகத்திற் பேராசிரியரானார். வீட்டு விலங்குகள் காட்டினத்தின் இயல்புகளை இழப்பதுபோல நாகரிக மனிதனும் சீரழிகின்றான் என்றும், சீரழிந்தோரைக் களைதல் வேண்டும் என்றும் அவ்வாண்டில் எழுதினார்.

அதே 1940இல், ஜேர்மனியர் ஆக்கிரமித்த ஒல்லாந்தில் யூதப் பேராசிரியர்கள் பதவிநீக்கப்பட்டனர். நவம்பர் 26ஆம் நாள் லைடனிற் சட்டப் பேராசிரியர் கிளெவெரிங்கா அதனைப் பகிரங்கமாகக் கண்டித்தார். மாணவர் வகுப்புக்களைப் பகிஷ்கரித்தனர், பல்கலைக்கழகம் மூடப்பட்டது. அந்த எதிர்ப்பிற் பங்குகொண்ட டின்பேர்கன் 1942இற் பணயக்கைதியாகப் பிடிக்கப்பட்டு, ஏறத்தாழ இரண்டாண்டுகள் முகாமில் அடைபட்டிருந்தார்.

ஒரே வாத்தைக் கண்ட இருவர் இருவேறு வழிகளில் சென்றது எவ்வாறு? வாத்தின் கூட்டிலிருந்து மனித சமுதாயத்துக்கு லோரன்ஸ் ஒரே தாவலில் தாவினார். உழைப்பு, கல்வி, வரலாறு ஆகியன மனிதனை உருவாக்குவதை அவர் கணக்கிற் கொள்ளவில்லை. அதிகாரத்திலிருந்தோருக்கு அத்தாவல் உவப்பாயிருந்தது.

போருக்குப் பின், 1949இல், டின்பேர்கன் ஒக்ஸ்போர்ட் சென்றார். உள்ளார்ந்த இயல்பு என்ற கோட்பாடு தனியுயிரின் வளர்ச்சியைப் புறக்கணிக்கின்றது என 1953இல் அமெரிக்கரான டானியல் லேர்மன் கண்டித்தார். அக்கண்டனத்தை டின்பேர்கன் செவிமடுத்தார். 1963இல் வெளியிட்ட கட்டுரையில், ஒரு நடத்தையின் உடனடிக் காரணம் யாது, அதனால் உயிர் பிழைத்தலுக்கு விளையும் பயன் யாது, தனியுயிரில் அது வளர்வது எங்ஙனம், கூர்ப்பில் அது தோன்றியது எங்ஙனம் என நான்கு வினாக்களை வகுத்தார். மாணவர் இன்றும் அவற்றிலிருந்தே தொடங்குகின்றனர். அக்கட்டுரையை அவர் லோரன்ஸின் அறுபதாம் பிறந்தநாளுக்கே காணிக்கையாக்கினார். நட்பு மீண்டது, ஆயினும் நடந்தது அழியவில்லை.

1973இல் இருவரும், தேனீக்களின் நடனத்தை ஆராய்ந்த கார்ல் வொன் பிரிஷுடன் நோபல் பரிசைப் பகிர்ந்தனர். பாட்டியார் யூத வம்சத்தவர் என்பதற்காக நாஜிகளாற் பதவியிழக்கும் நிலைக்குத் தள்ளப்பட்டவர் பிரிஷ். தம் பழைய எழுத்துக்காக லோரன்ஸ் பின்னர் வருந்தினார். எனினும் 2015இல் சால்ஸ்பேர்க் பல்கலைக்கழகம் அவருக்கு அளித்திருந்த கௌரவப் பட்டத்தை மீளப்பெற்றது.

பிறப்பே மனிதனை நிர்ணயிக்கின்றது என்ற பேச்சு சாதியால் அல்லலுறும் நமது மண்ணுக்கும் புதிதன்று. நாளை அது விஞ்ஞானத்தின் உடையணிந்து வகுப்பறைக்குள் நுழையலாம். அப்போது, "இதற்குச் சான்று யாது? இதனால் நன்மையடைவோர் யார்?" என்று கேட்கும் மாணவரை உருவாக்குதலே ஆசிரியர்களாகிய நமது கடமை.