தங்கத்தைவிட எவர்சில்வர் கடிகாரம் விலை அதிகம்... ஏன்?

2016 நவம்பர். ஜெனீவாவில் ஓர் ஏலம்.

மேடைக்கு வந்தது பட்டேக் ஃபிலிப் நிறுவனம் 1940களில் செய்த ஒரு கைக்கடிகாரம். மாடல் எண் 1518. தங்கம் இல்லை, வைரம் இல்லை. உறை வெறும் எவர்சில்வர்.

விலை? 11 மில்லியன் சுவிஸ் ஃபிராங்க். அன்றைய மதிப்பில் 15 மில்லியன் வெள்ளிக்கும் மேல்!

அதே மாடல் தங்கத்திலும் உண்டு. அதன் விலை பல மடங்கு குறைவு.

"என்ன இது, கணக்கு தலைகீழா இருக்கே?" என்று தோன்றுகிறதா? அந்தக் கணக்கு புரிந்தால் அரிய கடிகாரங்களைச் சேகரிப்பவர்களின் உலகமும் புரிந்துவிடும்.

காம்ப்ளிகேஷன் என்றால் என்ன?

மணி, நிமிடம், வினாடி. இவற்றைத் தாண்டி ஒரு கடிகாரம் செய்யும் எந்தக் கூடுதல் வேலைக்கும் 'காம்ப்ளிகேஷன்' என்று பெயர். தேதி காட்டுவதுகூட ஒரு காம்ப்ளிகேஷன்தான். ஆனால் சேகரிப்பாளர்கள் தேடிப் போவது இவற்றை:

- நிரந்தர நாள்காட்டி: எந்த மாதத்துக்கு 30 நாள், எதற்கு 31, எது லீப் ஆண்டு... எல்லாம் அதற்குத் தெரியும். பேட்டரியும் இல்லை, சிப்பும் இல்லை. உள்ளே 4 ஆண்டுக்கு ஒரு முறை சுற்றும் ஒரு சக்கரம் இருக்கும். அதன் விளிம்பில் குறைவான நாள்கள் உள்ள மாதங்களுக்கு வெட்டுகள் உண்டு. 30 நாள் மாதத்துக்கு ஆழம் குறைவு, பிப்ரவரிக்கு அதிகம். ஒரு சிறு நெம்புகோல் அந்த ஆழத்தைத் தடவிப் பார்த்து, தேதி எத்தனை நாள் தாண்ட வேண்டும் என்று முடிவு செய்கிறது. ஒரே சிக்கல்... 2100 லீப் ஆண்டு அல்ல. பெரும்பாலான நிரந்தர நாள்காட்டிகளுக்கு அது தெரியாது! அந்த ஆண்டு பிப்ரவரி முடியும்போது கையால்தான் திருத்த வேண்டும்.

- மினிட் ரிப்பீட்டர்: பக்கவாட்டு விசையைத் தள்ளினால் நேரத்தை ஒலியாகச் சொல்லும். மணிக்கு ஓர் ஒலி, கால் மணிக்கு இரட்டை ஒலி, மீதி நிமிடங்களுக்கு இன்னோர் ஒலி. 12:59க்குத்தான் ஆக நீளமான இசை: 12 மணி, 3 கால், 14 நிமிடம். மின்விளக்கு இல்லாத காலத்தில் இருட்டிலும் நேரம் அறிய உதவிய நுட்பம் இது.

- டூர்பியோன்: 1801இல் பிரெகே காப்புரிமை பெற்றது. பையில் நிமிர்ந்தபடியே கிடக்கும் கடிகாரத்தின் துடிப்பைப் புவியீர்ப்பு குழப்பும். அதற்காகத் துடிக்கும் பகுதி முழுவதையும் ஒரு கூண்டில் வைத்துச் சுழல விட்டார். கைக்கடிகாரத்தில் அதற்கு அவ்வளவு தேவை இல்லை. கை எப்படியும் ஆடிக்கொண்டுதானே இருக்கு! இன்று அது பெரும்பாலும் கைத்திறனுக்கான சான்று.

துல்லியத்துக்கா இந்த விலை?

இல்லவே இல்லை. 1969 டிசம்பரில் ஜப்பானின் சைக்கோ நிறுவனம் முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அன்றே துல்லியப் போட்டி முடிந்துபோனது. இன்று நீங்கள் 20 வெள்ளிக்கு வாங்கும் குவார்ட்ஸ் கடிகாரம், பல மில்லியன் பெறும் இயந்திரக் கடிகாரத்தைவிடச் சரியாக நேரம் காட்டும்.

பிறகு எதற்குத்தான் விலை? மூன்று விஷயங்களுக்கு: கைவேலை, அரிய தன்மை, கதை.

மீண்டும் அந்த 1518க்கு வருவோம். 1941இல் அறிமுகமானது. நிரந்தர நாள்காட்டி, ஸ்டாப்வாட்ச் இரண்டையும் ஒன்றாகக் கொண்டு, தொடர்ந்து தயாரிக்கப்பட்ட முதல் கைக்கடிகாரம் அதுதான். மொத்தம் 281 மட்டுமே செய்யப்பட்டன. இவ்வளவு நுட்பமான கடிகாரத்தை வாங்கும் வசதி இருந்தவர்கள் அப்போது தங்கத்தையே விரும்பினார்கள். எவர்சில்வரில் இருப்பதாகத் தெரிந்தவை நான்கே நான்கு.

அன்று யாரும் அதிகம் கேட்காததுதான் இன்று கிடைக்காத பொருள்!

2019இல் அதே நிறுவனத்தின் கிராண்ட்மாஸ்டர் சைம் ஓர் அறநிதி ஏலத்தில் 31 மில்லியன் ஃபிராங்குக்குப் போனது. 20 காம்ப்ளிகேஷன்கள். அதுவும் எவர்சில்வர்தான். அந்த உலோகத்தில் செய்தது ஒன்றே ஒன்று.

கதைக்கும் விலை உண்டு

ஹாலிவுட் நடிகர் பால் நியூமன் கார்ப் பந்தயத்திலும் ஓடியவர். அவருடைய ரோலக்ஸ் டேட்டோனா, மனைவி ஜோன் வுட்வர்ட் தந்த பரிசு. பின்பக்கத்தில் 'பார்த்து ஓட்டுங்க' என்று பொருள்படும் வாசகம். 2017இல் நியூயார்க்கில் அது 17.75 மில்லியன் அமெரிக்க டாலருக்கு விலைபோனது. அதே வகை முகப்புடைய டேட்டோனா முதலில் கடைகளில் விற்காமல் தேங்கியிருந்தது!

எங்கே ஏமாறலாம்?

விலை அரிய தன்மையிலும் கதையிலும் இருக்கிறது. ஏமாற்று வேலையும் அங்கேதான் நடக்கிறது. முழுப் போலியைக்கூடக் கண்டுபிடித்துவிடலாம். பாதி உண்மைதான் ஆபத்து: மறுபடி வண்ணம் பூசிய முகப்பு, வேறொரு கடிகாரத்தின் முள், இன்னொன்றின் உறை...

சில நேரம் கடிகாரமே வராது. 2022இல் சிங்கப்பூரில் ஆடம்பரக் கைக்கடிகாரங்களுக்கும் கைப்பைகளுக்கும் முன்பணம் கட்டிய பலர், பொருள் கைக்கு வராமல் காவல்துறையிடம் போனார்கள். சம்பந்தப்பட்ட தொகை குறைந்தது 32 மில்லியன் வெள்ளி.

வாங்கும் எண்ணம் இருந்தால்...

- உறையிலும் இயந்திரத்திலும் உள்ள எண்கள் ஆவணத்தோடு ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். சில நிறுவனங்கள் பழைய பதிவேட்டைப் பார்த்து, எந்த ஆண்டு செய்தது என்று எழுதியே கொடுக்கும்.
- பின்மூடியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். மறுத்தால் நடையைக் கட்டுங்கள்.
- சந்தை விலையைவிட ரொம்பக் குறைவு, முழுப் பணமும் முன்கூட்டியே... இரண்டும் சேர்ந்து வந்தால் வேண்டவே வேண்டாம்.
- பராமரிப்புச் செலவையும் கணக்கில் சேருங்கள். காம்ப்ளிகேஷன் கூடக் கூட, பழுதுபார்க்கும் செலவும் கூடும்.
- 'விலை ஏறும்' என்று நம்பிக் கடன் வாங்காதீர்கள். ஏலத்தில் சாதனை படைத்தவை மட்டுமே செய்தியில் வரும். விலை இறங்கியவை வருவதில்லை.

கடைசியாக ஒன்று. சேகரிக்க மில்லியன் வேண்டாம். வீட்டு இழுப்பறையில் தாத்தாவின் பழைய சாவி கொடுக்கும் கடிகாரம் கிடக்கிறதா? புதுசு போல ஆக்குகிறேன் என்று பாலிஷ் போடக் கொடுத்துவிடாதீர்கள். மங்கிப்போன முகப்பையும் மாற்றாதீர்கள். யார் வாங்கினார், எப்போது, எதற்காக என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு இன்றே எழுதி வையுங்கள்.

கடிகாரத்தைப் பிறகுகூடப் பழுதுபார்க்கலாம். அதன் கதையைச் சொல்ல ஆள் இருக்கும்போதுதான் கேட்க முடியும்.