படம் விற்ற கடையில் ஜாஸ்: பிரிசர்வேஷன் ஹால் கதை

இந்த எபிசோட்ல நாம போகப் போற ஊர் அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ். அங்கே பிரெஞ்ச் குவார்ட்டர்னு ஒரு பழைய பகுதி இருக்கு. அதுல செயின்ட் பீட்டர் தெரு, கதவு எண் 726. பெயின்ட் உதிர்ந்த சுவர், சில மர பெஞ்சுகள், அவ்வளவுதான் அந்த இடம். உட்கார இடம் கிடைக்காதவங்க பின்னாடி நின்னுதான் கேட்கணும். மைக் வைக்காம வாசிக்கிற ஜாஸ் இசைக்காக உலகம் முழுக்க இருந்து ஆட்கள் அங்கே வரிசையில நிக்கிறாங்க. பேர் பிரிசர்வேஷன் ஹால்.

இந்தப் பேரைக் கேட்டா அரசாங்கம் கட்டின மியூசியம் மாதிரி இருக்கும். உண்மையில் அது ஒரு சின்ன ஓவியக் கடையில் ஆரம்பித்த விஷயம். அங்கே எதைப் 'பாதுகாத்தாங்க'ங்கிறதுதான் இன்றைய கேள்வி.

முதல்ல பின்னணி. ஜாஸ் இசை நியூ ஆர்லியன்ஸில் உருவானது 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில். உருவாக்கியவர்கள் பெரும்பாலும் கறுப்பின மக்கள். தெரு ஊர்வலம், சாவு ஊர்வலம், நடனக் கூடம்னு எல்லா இடத்திலும் அந்த இசை இருந்தது. பிறகு லூயி ஆம்ஸ்ட்ராங் மாதிரி பலர் சிகாகோவுக்கும் நியூயார்க்குக்கும் போயிட்டாங்க. ஊர்லயே தங்கினவங்க நிலைமை வேற. கிளாரினெட் கலைஞர் ஜார்ஜ் லூயிஸ் துறைமுகத்தில் மூட்டை தூக்கினார். ட்ரம்பெட் வாசித்த பங்க் ஜான்சனுக்குப் பல்லே போயிடுச்சு. பல் இல்லாம ட்ரம்பெட் ஊத முடியாது. பழைய ஜாஸைத் தேடிப்போன ஆர்வலர்கள் அவருக்குப் பல்செட் கிடைக்க ஏற்பாடு பண்ணினாங்க. 1942-ல் அவர் தன் முதல் ரெக்கார்டிங் செய்தார்.

இந்தச் சம்பவத்தை நான் முக்கியமா நினைக்கிறேன். ஒரு இசையைக் காப்பாத்துற வேலை இங்கே ஒரு பல்செட்ல இருந்து ஆரம்பிச்சிருக்கு.

1950-கள்ல ஊரே ரிதம் அண்ட் புளூஸ் கேட்டுக்கிட்டு இருந்தது. ஃபாட்ஸ் டொமினோ அந்த ஊர்க்காரர்தான். பழைய ஜாஸ் வாசிச்ச பெரியவர்களுக்கு வாய்ப்பு குறைஞ்சுக்கிட்டே வந்தது. அந்தச் சமயத்தில் லாரி போரன்ஸ்டீன்னு ஒருத்தர், மில்வாக்கியில் இருந்து வந்தவர், செயின்ட் பீட்டர் தெருவில் ஒரு ஆர்ட் கேலரி நடத்திக்கிட்டு இருந்தார். சாயங்காலம் ஆனா டூரிஸ்ட் வருவாங்க, படம் விற்கும். அதனால கடையை விட்டுட்டு அவரால பாட்டு கேட்கப் போக முடியல. அவர் கண்டுபிடிச்ச வழி ரொம்ப எளிமையானது: கலைஞர்களையே கடைக்கு வரச் சொல்லிட்டார்.

காசு? வந்தவங்க போடுற சில்லறைதான். முறையான கச்சேரின்னா இசைக்கலைஞர் யூனியன் நிர்ணயிச்ச கூலியைக் கொடுக்கணும். அதனால இதுக்கு 'ரிகர்சல்'னு பேர். அதாவது, ஒரு கேலரியில சிலர் பயிற்சி பண்றாங்க, அந்தப் பக்கமா போறவங்க கேட்கிறாங்க, அவ்வளவுதான். நல்ல மனசும் இருந்தது, கொஞ்சம் சாமர்த்தியமும் இருந்ததுன்னு வெச்சுக்கலாம்.

ஏன் ஒரு கேலரி? ஏன் ஒரு கிளப் இல்லை? கிளப்புக்கு வருமானம் மதுவில் இருந்து வரும். குடிக்க வர்றவங்களுக்குப் பிடிச்ச பாட்டைத்தான் அங்கே வாசிக்கணும். கேலரியில் வாடகையைப் படங்கள் கட்டிடும். அதனால இசை எதையும் விற்றுக் கொடுக்கணும்கிற கட்டாயம் இல்லை. 60 வயசு தாண்டின ஒருத்தர் உட்கார்ந்து, தனக்குத் தெரிஞ்சதைத் தன் வேகத்தில் வாசிக்கலாம்.

இதுல இன்னொரு விஷயமும் இருக்கு. அது சட்டம். 1956-ல் லூசியானா மாநிலம் ஒரு சட்டம் போட்டது. நடனம், கேளிக்கை, விளையாட்டு எதுலயும் கறுப்பர்களும் வெள்ளையர்களும் ஒண்ணா சேரக்கூடாது. யூனியன்கூட இரண்டாகத்தான் இருந்தது, வெள்ளையருக்கு ஒண்ணு, கறுப்பருக்கு ஒண்ணு. இப்படிப்பட்ட ஊர்ல, ஒரு வெள்ளைக்காரரின் கடையில் கறுப்பினக் கலைஞர்கள் வாசிக்கிறாங்க, சில சமயம் வெள்ளைக்கார இளைஞர்களும் கூட உட்கார்ந்து வாசிக்கிறாங்க. இது வெறும் பொழுதுபோக்கு இல்லை, போலீஸ் எப்ப வேணும்னாலும் உள்ளே வரக்கூடிய காரியம்.

இப்போ 1961-க்கு வருவோம். கச்சேரிக்கு வர்ற கூட்டம் பெருகவே, போரன்ஸ்டீன் தன் படங்களைப் பக்கத்து இடத்துக்கு மாத்திட்டு, அந்த அறையை இசைக்கே விட்டுட்டார். அதே வருஷம் ஆலன் ஜாஃபி, சாண்ட்ரா ஜாஃபின்னு பென்சில்வேனியாவைச் சேர்ந்த ஒரு இளம் தம்பதி ஊருக்கு வந்து, சீக்கிரமே அறையை நடத்தும் பொறுப்பை ஏத்துக்கிட்டாங்க. ஆலன் வார்ட்டன் கல்லூரியில் வணிகம் படிச்சவர், டியூபாவும் வாசிப்பார். சாண்ட்ரா கூடையோட வாசல்ல உட்காருவார். உள்ளே போகணும்னா அதுல ஒரு டாலர் போடணும்.

மது கிடையாது, நடனம் கிடையாது. சுவர்ல ஒரு சின்ன போர்டு. பழைய பாட்டு கேட்டா 1 டாலர், மத்த பாட்டுன்னா 2 டாலர், 'செயின்ட்ஸ்' பாட்டுன்னா 5 டாலர். எல்லா டூரிஸ்டும் தினமும் கேட்கிற ஒரே பாட்டு அதுதான். அதையே திரும்பத் திரும்ப வாசிச்சு அலுத்தவங்களோட குறும்பு அந்த விலையில தெரியுது இல்லையா?

அங்கே வாசித்தவர்களில் எனக்குப் பிடிச்சவர் 'ஸ்வீட் எம்மா' பாரெட். 1897-ல் பிறந்த பியானோ கலைஞர். முழங்காலுக்குக் கீழே சின்ன மணிகளைக் கட்டிக்கிட்டு வாசிப்பார், கால் தாளம் போட்டா மணி குலுங்கும். 1967-ல் பக்கவாதம் வந்து இடது பக்கம் செயலிழந்தது. அதுக்கப்புறமும் வலது கையால மட்டும் வாசிச்சுக்கிட்டே இருந்தார், 1983-ல் இறக்கும் காலம் வரைக்கும். ஒரு கை மட்டும் இயங்குகிற பியானோ கலைஞருக்கு வேற எந்த கிளப் வேலை கொடுத்திருக்கும்? ஹம்ஃப்ரி சகோதரர்கள் வில்லியும் பெர்சியும் 1990-கள் வரைக்கும் அந்த பேண்ட்ல இருந்தாங்க. வில்லி இறக்கும்போது வயசு 93.

ஓவியமும் அந்த அறையை விட்டுப் போகல. நோயல் ராக்மோர்னு ஒரு ஓவியர், போரன்ஸ்டீன் கொடுத்த வேலையா, அந்தக் கலைஞர்களை உட்கார வெச்சு நூற்றுக்கணக்கான படங்கள் வரைஞ்சார். சோர்ந்த கண், தடிச்ச விரல் எதையும் மறைக்கல. விளம்பர போஸ்டர்ல இருக்கிற சிரிப்பு அதுல இல்லை.

ஆனா கதையை இங்கேயே நிறுத்தினா அது பாதிக் கதைதான்.

அதே 1961-ல், அதே ஊர்ல, ஹெரால்ட் பாட்டிஸ்ட்னு ஒரு கறுப்பின இசையமைப்பாளர், ஏஎஃப்ஓ ரெக்கார்ட்ஸ்னு ஒரு நிறுவனம் தொடங்கினார். 'ஒருவருக்காக எல்லாரும்'ங்கிற மாதிரி ஒரு பேர். கலைஞர்களே முதலாளிகளா இருக்கிற நிறுவனம். அவங்க வாசிச்சது புது ஜாஸ், புது பாட்டு. பார்பரா ஜார்ஜ் பாடிய ஒரு பாட்டு நாடு முழுக்க ஹிட் ஆச்சு. ஆனாலும் 1963-ல் அந்தக் குழுவின் முக்கியமானவங்க லாஸ் ஏஞ்சலஸுக்குக் கிளம்பிட்டாங்க. ட்ரம்மர் எட் பிளாக்வெல் அதுக்கு முன்னாடியே நியூயார்க் போயிட்டார்.

அதனால ஒரு கேள்வி எழத்தான் செய்யும். வெளியூர்ல இருந்து வந்த வெள்ளைக்காரங்களுக்குப் பிடிச்சது கறுப்பினத்தவரின் பழைய இசை. அதுக்கு ஒரு அறையும் ஒரு கூடையும் கிடைச்சது. அதே கறுப்பினத்தவரின் புதிய இசைக்கு அந்த மாதிரி ஒரு வீடு கிடைக்கல. சட்டகத்துக்குள்ள எது இருக்கணும்னு முடிவு பண்றது படத்தை மாட்டுறவர்தான். கேலரிக்குள்ள பிறந்த ஒரு இடத்தைப் பத்தி இந்தக் கேள்வியைக் கேட்காம இருக்க முடியாது.

இந்த விமர்சனத்தை நான் முழுசா ஏத்துக்கிறேன். ஆனா அதுக்காக அந்த அறையின் மதிப்பு குறைஞ்சிடாது. அந்த அறை காப்பாத்தினது ஜாஸ்ங்கிற ஒரு 'பாணி'யை மட்டும் இல்லைன்னு நினைக்கிறேன். ஒரு 70 வயசு மனுஷருக்கு வாராவாரம் போறதுக்கு ஒரு வேலை, உட்கார ஒரு நாற்காலி, கையில கொஞ்சம் காசு, எதிர்ல பேசாம கேட்கிற நாலு பேர். அதைத்தான் காப்பாத்தினாங்க. இசை அது கூடவே வந்தது.

ஆலன் ஜாஃபி 1987-ல் தன் 51-வது வயசில் இறந்தார். இப்போ அவர் மகன் பென் ஜாஃபி நடத்துறார். 2005-ல் கத்ரினா புயல் ஊரை மூழ்கடிச்சப்போ, பென் முதல்ல தொடங்கின வேலைகளில் ஒண்ணு ஊரை விட்டுச் சிதறிப்போன கலைஞர்களுக்கான நிவாரண நிதி. அப்பவும் முதல் கவலை கட்டடத்தைப் பத்தி இல்லை, வாசிக்கிற ஆட்களைப் பத்திதான்.

உங்க ஊர்லயும் ஒரு சின்ன கேலரியோ, ஒரு காபி கடையோ, வாரத்துல ஒரு நாள் யாரையாவது வாசிக்க விடலாம். அங்கே போனா இரண்டு விஷயத்தைக் கவனிங்க: வாசிக்கிறவருக்கு யார் காசு கொடுக்கிறாங்க, அந்த அறைக்குள்ள யாருக்கு இடமே கிடைக்கல. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.