வெங்கச்சாங்கல்லும் தேரிக்காடும்

முக்கூடல் பக்கம் எங்க குடும்பத்துப் புஞ்சை ஒன்று இருக்கிறது. (பள்ளு பாடிய முக்கூடல் சீவலப்பேரி பக்கம், நான் சொல்வது பீடி முக்கூடல்.) உழுது போட்டு ஒரு மழை பெய்துவிட்டால் போதும், வெங்கச்சாங்கல் சில்லுகள் வெள்ளை வெளேரென்று மேலே தெரியும். சிலதுக்கு நல்ல கூரான விளிம்பு. "இது கற்கால ஆயுதமாடே?" என்று சொந்தக்காரர்கள் வாட்சப்பில் படம் அனுப்புவார்கள். படத்தைப் பார்த்து அதைச் சொல்ல முடியாது. ஏன் என்று புரிய, கிழக்கே தேரிக்காட்டுக்குப் போகணும்.

சாயர்புரம், மெஞ்ஞானபுரம் பக்கத்துச் செம்மணல் தேரிகளில் கிடைக்கும் நுண்கற்கருவிகள் உலகத் தொல்லியல் நூல்களில் இடம்பெற்றவை. ஸாய்னரும் பிரிட்ஜெட் ஆல்ச்சினும் 1956-ல் 'ஏன்ஷியண்ட் இந்தியா' இதழில் இவற்றைப் பற்றி எழுதினார்கள். பிறை வடிவம், கூர்முனை, சுரண்டி என்று சின்னச் சின்னக் கருவிகள். வெங்கச்சாங்கல்லிலும், செர்ட் என்கிற பழுப்புநிறச் சிக்கிமுக்கி வகைக் கல்லிலும் செய்தவை. பழைய கடல்மட்டத்தை வைத்து கி.மு. 4000 வாக்கில் இருக்கலாம் என்று கணித்தார்கள்.

இதில் எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. தேரி என்பது காற்று குவித்த மணல். காற்று மணலைத் தூக்கும், கல்லைத் தூக்காது. ஆகவே தேரிக்குள் ஒரு கல் கிடந்தால், அது உடைந்த விதம் எப்படி இருந்தாலும், யாரோ ஒருத்தர் கொண்டுவந்து போட்டது என்று முதலிலேயே சந்தேகப்படலாம்.

எங்க புஞ்சையில் அந்த வசதி கிடையாது. அடியில் நைஸ் பாறை, அதற்குள் வெங்கச்சாங்கல் நரம்பு. பாறை சிதைந்தால் சில்லு தானாகவே வரும்; டிராக்டர் கொழு பட்டாலும் வரும். அடி விழுந்த இடத்துக்குக் கீழே சிறு புடைப்பு இருக்கும் என்று புத்தகத்தில் போட்டிருப்பார்கள். நல்ல செர்ட்டில் அது தெரியும். நரம்புக் கல் உள்விரிசலோடு பொடிப்பொடியாக உடைவதால் பெரும்பாலும் தெரியாது. தனிச் சில்லு எதையும் நிரூபிக்காது. ஒரே இடத்தில் பல சில்லு, அவற்றை உரித்தெடுத்த மூலக்கல், விளிம்பில் வரிசையாகக் கொத்திய தடம், இவை சேர்ந்து இருந்தால்தான் பேச்சு. இல்லையென்றால் அந்த மண்ணுக்குச் சம்பந்தமில்லாத கல்.

1863 மே 30 அன்று பல்லாவரத்தில் கைக்கோடரி கண்டெடுத்த ராபர்ட் புரூஸ் ஃபூட்டும் தொல்லியல் படித்தவர் இல்லை, நிலவியல் துறை ஆள். அவர் சேகரிப்பைச் சென்னை அருங்காட்சியகம் 1904-ல் வாங்கியது. கல்லோடு கிடைத்த இடத்தையும் குறித்து வைத்திருந்தார். அதனால்தான் இன்றும் அந்தக் கற்கள் பயன்படுகின்றன. இடம் எழுதாமல் ஷோகேஸில் வைத்த கல் வெறும் அலங்காரம்தான்.

இந்த வருஷம் பங்காளிகள் சேர்ந்து ஜேசிபி விட்டு நிலத்தை மட்டப்படுத்தப் போகிறார்கள். மேடு பள்ளத்துக்கு வந்துவிட்டால் இடம் என்கிற தகவல் மொத்தமாகப் போச்சு. வேண்டாம் என்று சொல்ல எனக்கு நியாயம் இல்லை, தண்ணி பாய மட்டம் வேணும். அதனால் கயிறு கட்டி அஞ்சு மீட்டர் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றாக நடந்து, சில்லு கிடக்கும் இடத்தை மட்டும் போனில் குறித்து வருகிறேன். தோண்டுவதில்லை.

இதுவரை 140 சில்லு, ஒன்றைத் தவிர எல்லாமே வெங்கச்சாங்கல். அந்த ஒன்று பழுப்பு நிறம், வழவழப்பு, மேட்டின் தென்மேற்கு மூலையில் கிடந்தது. அதைச் சுற்றியுள்ள எட்டுக் கட்டத்தையும் ஐப்பசி மழைக்குள் நடந்து முடிக்கணும்.