கடற்பாலத்தின் இரு கரையிலும் நம் குடும்பங்கள்

ஜொகூர் பாருவையும் சிங்கப்பூரையும் இணைக்கும் கடற்பாலம் 1924 ஜூன் 28ஆம் நாள் முறைப்படி திறக்கப்பட்டது. நீளம் ஒரு கிலோமீட்டருக்குச் சற்றே கூடுதல். தமிழகத்திலிருந்து கப்பலில் சிங்கப்பூர் வந்திறங்கிய நம் முன்னோர் பலர், பிழைப்பு தேடி இந்தப் பக்கமும் வந்தார்கள். அண்ணனுக்கு அங்கே கடை, தம்பிக்கு இங்கே கடை. அவர்களுக்கு இவை இரண்டு ஊர்கள், அவ்வளவுதான்.

1965 ஆகஸ்ட் 9ஆம் நாள் சிங்கப்பூர் தனி நாடானது. ஆனாலும் 1967இல் கடப்பிதழ்ச் சோதனை தொடங்கிய பிறகே பிரிவு நமக்கு உறைத்தது. கூடப்பிறந்தவர்கள் இரு நாட்டுக் குடிமக்களாக வரிசையில் நின்றார்கள். அடையாள அட்டையின் நிறத்தையும் கவனியுங்கள்: இங்கே நீலம் என்றால் குடிமகன், அங்கே நீலம் என்றால் நிரந்தரவாசி! 1973 மே மாதம் வரை இரு நாட்டு வெள்ளிக்கும் ஒரே மதிப்பு. அதன் பிறகு மொய்ப்பணத்துக்கும் மாற்றுவிகிதம் பார்க்க வேண்டியதாயிற்று.

கொள்வினை கொடுப்பினை மட்டும் நிற்கவில்லை. சிக்கல் வந்தது பிள்ளைப்பேற்றில். மலேசிய அரசியலமைப்பின்படி, வெளிநாட்டில் பிறந்த பிள்ளைக்குக் குடியுரிமை தகப்பன் வழியாகவே வந்தது. தாய் வழியாக அல்ல. ஆகவே சிங்கப்பூர் மாப்பிள்ளையைக் கட்டிய நம் வீட்டுப் பெண் அங்கே பெற்றால் பிள்ளை மலேசியக் குடியாகாது; இங்கே பெற்றால் ஆகும். எதிர்த்திசையிலும் இதே கதைதான். தன் நாட்டுக்கு வெளியே பெற்ற பிள்ளைக்குக் குடியுரிமை தரும் உரிமை சிங்கப்பூர்த் தாய்மாருக்கு 2004இல்தான் கிடைத்தது. தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்ற நம் பழைய வழக்கம், எத்தனையோ பிள்ளைகளின் நாட்டையே தீர்மானித்திருக்கிறது. 2024இல் மலேசிய நாடாளுமன்றம் இதைத் திருத்தியது. நெடுநாள் தாமதம் என்றே சொல்வோம். முன்பே பிறந்துவிட்ட பிள்ளைகளுக்கு அத்திருத்தம் தானாகப் பொருந்தாது என்பது இன்னும் வருத்தம்.

2020 மார்ச் 18 முதல் பாலம் அடைபட்டது. அக்கரை விளக்குகள் கண்ணுக்குத் தெரியும், போக முடியாது. அத்தாவின் ஜனாஸாவைக் கைப்பேசியில் பார்த்த பிள்ளைகள் நம்மில் உண்டு. மூன்று பிடி மண் போட முடியவில்லையே என்ற துயரம் அவர்களுக்கு இன்றும் ஆறவில்லை.

2022 ஏப்ரல் 1ஆம் நாள் வழி முழுமையாகத் திறந்தது; இரண்டு நாளில் ரமலானும் பிறந்தது. ஈராண்டுக்குப் பிறகு எல்லாரும் கூடிக் கொண்டாடும் முதல் நோன்புப் பெருநாள்! மலேசியாவில் பிறை தெரிந்து மே 2ஆம் நாள் பெருநாள். சிங்கப்பூரில் அன்று முப்பதாம் நோன்பு, மறுநாளே பெருநாள். முன்கூட்டியே இங்கு வந்துவிட்டவர்கள் நம்மோடு தக்பீர் முழங்கினார்கள். மறுநாள் காலை நம்மில் பலர் மிச்சமிருந்த பிரியாணியையும் கட்டிக்கொண்டு, இரண்டாவது பெருநாளுக்காகப் பாலம் ஏறினோம்.