சுழலின் குறி: ஒரு வலக்கை உடன்பாட்டின் வரலாறு

வெளியின் ஒவ்வொரு புள்ளிக்கும் ஓர் அளவையும் திசையையும் தரும் வெக்டர் புலம், ஒரு புள்ளியைச் சுற்றி எந்த அளவுக்குச் சுழல்கிறது என்பதைக் காட்டும் கணியம் சுழல் எனப்படும். கர்ல் என்னும் பெயரை அதற்கு முன்மொழிந்தவர் ஜேம்ஸ் கிளார்க் மேக்ஸ்வெல். அதை வருவிக்கும்போது தோன்றும் கழித்தல் குறிகள் மாணவரைப் பெரிதும் மயக்குவதற்குக் காரணம், அவற்றுள் வடிவியலின் கட்டாயமும் மனிதர் செய்துகொண்ட உடன்பாடும் ஒன்றாகக் கலந்து கிடப்பதே ஆகும்.

முதலில் கட்டாயம். முதல் அச்சு வலப்புறமும் இரண்டாம் அச்சு மேல்நோக்கியும் அமைந்த தளத்தில் மிகச்சிறிய செவ்வகம் ஒன்றை வரைந்து, அதன் விளிம்பை இடஞ்சுழியாகச் சுற்றி வந்தால், கீழ்ப்பக்கத்தை முதல் அச்சின் திசையிலும் மேற்பக்கத்தை அதற்கு எதிர்த்திசையிலும் கடக்க நேர்கிறது. ஆகவே புலத்தின் முதற்கூறு மேற்பக்கத்தில் கழித்தல் குறி பெறுகிறது; மேலே போகப்போக அக்கூறு வளருமாயின் மொத்தத் தொகை குறைகிறது. இரண்டாம் கூறோ வலப்பக்கத்தில் கூட்டலாகவும் இடப்பக்கத்தில் கழித்தலாகவும் சேர்கிறது. இவ்வாறு விளிம்பு வழியே திரட்டிய தொகையைப் பரப்பால் வகுத்தால், முதல் அச்சுவழி இரண்டாம் கூறின் மாறுவீதத்திலிருந்து, இரண்டாம் அச்சுவழி முதற்கூறின் மாறுவீதத்தைக் கழித்த விடை எஞ்சுகிறது. மூடிய பாதைவழித் தொகையையும் அது சூழும் பரப்பையும் இணைக்கும் இத்தொடர்பை இயற்பியலாளர் வில்லியம் தாம்சன் 1850-இல் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஸ்டோக்ஸுக்கு எழுதிய கடிதத்தில் குறிப்பிட்டார். ஸ்டோக்ஸ் அதை 1854-இல் கேம்பிரிட்ஜின் ஸ்மித் பரிசுத் தேர்வில் வினாவாக வைத்தார். அத்தேர்வை எழுதியவர்களுள் மேக்ஸ்வெல்லும் ஒருவர்.

ஆயினும் செவ்வகத்தை ஏன் இடஞ்சுழியாகச் சுற்ற வேண்டும் என்பதற்கு வடிவியலில் விடை இல்லை. தாளுக்கு மேலிருந்து நோக்குவோருக்கு இடஞ்சுழியாகத் தெரிவது கீழிருந்து நோக்குவோருக்கு வலஞ்சுழி. எனவே மூன்றாம் அச்சு எப்பக்கம் நீள்கிறது என்பதையும், சுழற்சியை அதனோடு எந்தக் கையால் இணைப்பது என்பதையும் முடிவு செய்தாக வேண்டும். நான்கு கூறுகள் கொண்ட குவாட்டர்னியன் எண்களை 1843-இல் கண்டறிந்த கணிதவியலாளர் ஹாமில்டன், தெற்கு, மேற்கு, மேல் என்ற வரிசையில் அச்சுகளை அமைத்தார். அது இடக்கை முறை. தாம்சனும் டெய்ட்டும் சேர்ந்து எழுதிய இயற்பியல் நூலோ வலக்கை முறையைப் பின்பற்றியது. இக்குழப்பத்தைத் தீர்க்க விரும்பிய மேக்ஸ்வெல், 1871 மே மாதத்தில் லண்டன் கணிதக் கழகத்தின் முன் இச்சிக்கலை வைத்தார்; முடிவு வலக்கைக்குச் சாதகமாக அமைந்தது. 1873-இல் வெளிவந்த தம் மின்காந்தவியல் நூலில், திராட்சைக் கொடியின் பற்றுச்சுருள் வலக்கைத் திருகாணி என்றும் ஹாப்ஸ் கொடியினுடையது இடக்கைத் திருகாணி என்றும் கூறும் கனிமவியலாளர் மில்லரின் கருத்தை எடுத்துரைத்து, தாம் திராட்சையின் முறையை மேற்கொள்வதாக அவர் அறிவித்தார். தமிழ்நாட்டு இயற்பியல் வகுப்புகளில் இன்றும் கற்பிக்கப்படும் மேக்ஸ்வெல்லின் வலக்கைத் திருகு விதி இவ்வுடன்பாட்டின் வழிவந்ததே.

குறி பற்றிய தயக்கம் சுழலோடு நிற்கவில்லை. புலம் ஒரு புள்ளியிலிருந்து வெளிப்பாயும் அளவை இன்று விரிதல் என்கிறோம். ஆனால் குவாட்டர்னியன் அலகின் வர்க்கம் கழித்தல் ஒன்று என்பதால், அவ்வெண்களைப் பயன்படுத்திய மேக்ஸ்வெல்லின் கணக்கில் அது எதிர்க்குறியுடன் குவிதலாகவே தோன்றியது. குறியை மாற்றி விரிதல் என்ற பெயரை அளித்தவர் கணிதவியலாளர் கிளிஃபோர்டு. 1881-லும் 1884-லும் அமெரிக்க இயற்பியலாளர் கிப்ஸ் தனியாக அச்சிட்டு வழங்கிய சிறுநூல், குவாட்டர்னியன்களைக் கைவிட்டு இன்றைய குறியீட்டுக்கு வழிவகுத்தது.

கை மாறினால் சுழலின் மூன்று கூறுகளும் ஒருசேரக் குறி மாறும். ஆனால் காந்தப்புலத்தை வரையறுப்பதிலும், அது இயங்கும் மின்னூட்டத்தின் மீது செலுத்தும் விசையைக் கணிப்பதிலும் அதே கை இருமுறை பயன்படுவதால், அளந்தறியும் விசை மாறுவதில்லை. நடுக்கூறில் மட்டும் குறி புரண்டதுபோல் தோன்றுவதும், மூன்றாம் அச்சிலிருந்து முதல் அச்சுக்குச் சுழல வேண்டிய இடத்தில் முதல், மூன்றாம் என்ற வரிசைப்படி எழுதிவிடுவதன் விளைவே. சுழலின் வாய்பாட்டை அணிக்கோவையாக மனப்பாடம் செய்விக்கும் பாடநூல்கள் இவை அனைத்தையும் மறைத்துவிடுகின்றன; பாதையையும் செங்குத்துத் திசையையும் முதலில் வரைந்து, குறிகளைப் பிறகு எழுதச் செய்யும் முறையே கற்பித்தலுக்கு ஏற்றது.