சுதந்திர குவேக்கர் வழிபாட்டுக் கூடம்

அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில், ஆர்ச் தெருவும் ஐந்தாம் தெருவும் சந்திக்கும் முனையில் உள்ள செங்கல் கட்டடம், 1783இல் கட்டப்பட்டது. போரில் எவ்வகையிலும் பங்கேற்பதில்லை என்பது கிறித்தவப் பிரிவினரான குவேக்கர்களின் உறுதியான கொள்கை. ஆகவே பிரிட்டனுக்கு எதிரான விடுதலைப் போரில் ஆயுதம் ஏந்தியவர்களைச் சபை விலக்கிவைத்தது. புதிய அரசுக்கு விசுவாச உறுதிமொழி அளித்தவர்களும் தப்பவில்லை. விலக்கப்பட்டவர்கள் சாமுவேல் வெதரில் தலைமையில் 1781இல் ‘சுதந்திர குவேக்கர்’ என்ற தனிச்சபை கண்டனர்; இக்கட்டடம் அவர்கள் கட்டியதே. கருத்து வேறுபாட்டுக்காக எவரையும் நீக்குவதில்லை என்று அவர்கள் விதி வகுத்ததில் வியப்பில்லை, பட்டவர்கள் அல்லவா! விடுதலைப் போரில் பங்கேற்ற டிமதி மேட்லாக், அமெரிக்காவின் முதல் கொடியைத் தைத்தவராகக் கதைகளில் புகழ்பெற்ற பெட்சி ராஸ் ஆகியோர் இச்சபையின் உறுப்பினர்கள். போருக்குப்பின் சபை தேய்ந்தது. 1830களில் வழிபாடு நின்றது. பள்ளி, நூலகம், கிடங்கு எனப் பல வகையில் பயன்பட்ட கட்டடம், 1961இல் சாலை விரிவாக்கத்துக்காகச் சுமார் 33 அடி மேற்கே நகர்த்தப்பட்டது.