குங்குமத்தில் வெண்காரம்

நெற்றிக் குங்குமத்தின் வரலாறு பற்றி ஒரு வாசிப்பு பரவலாக வழங்குகிறது. சிலப்பதிகாரக் காலம் தொட்டு அது மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்த இயற்கைப் பொருளாக இருந்தது, 19ஆம் நூற்றாண்டில் சாயத் தொழில் வளர்ந்தபின் செயற்கையானது என்கிறது அது. இதன் பிற்பகுதியில் உண்மை உண்டு. முற்பகுதியை ஏற்க முடியவில்லை.

முதலில் இலக்கியச் சான்று. சிலப்பதிகாரத்தின் அந்திமாலைச் சிறப்புச்செய் காதையில், கோவலனைப் பிரிந்த கண்ணகி துறந்த ஒப்பனைகள் அடுக்கி வருகின்றன. அங்கே குங்குமம் மார்பில் எழுதப்படுவது. நெற்றிக்குரியது திலகம் என்று சில அடிகள் கழித்துத் தனியே வருகிறது. ஒரே அடுக்கில் இரண்டும் வேறு வேறாக நிற்பதை மேற்கண்ட வாசிப்பு பொருட்படுத்துவதில்லை. வினையும் கவனிக்கத்தக்கது. குழம்பைத்தான் எழுதுவார்கள், பொடியை இடுவார்கள், தூவுவார்கள். வடமொழியில் குங்குமம் என்றால் காஷ்மீரம் போன்ற நிலங்களில் விளையும் குங்குமப்பூ. கண்ணகி விட்டது அந்தப் பூவின் குழம்பு என்றே கொள்கிறேன். எனவே காப்பியத்தின் காலத்தை எந்த நூற்றாண்டில் வைத்தாலும், மஞ்சளில் செய்யும் இன்றைய குங்குமப் பொடிக்கு அது சான்றாகாது.

அப்படியானால் பெயர் எப்போது பூவிலிருந்து பொடிக்கு மாறியது? நேர்ச்சான்று எதுவும் என் கைக்கு எட்டவில்லை. ஆனால் மொழி ஒரு தடயம் வைத்திருக்கிறது. இன்று வெறுமனே குங்குமம் என்றால் பொடி. மூலப் பொருளைச் சொல்லப் 'பூ' என்ற ஒட்டு வேண்டியிருக்கிறது. பொடி பெயரைக் கைப்பற்றிய பிறகே மூலத்துக்கு இந்த அடையாளம் தேவைப்பட்டிருக்க வேண்டும். விலையுயர்ந்த பூவுக்கு மாற்றாக மஞ்சள் நுழைந்தது என்பதே இதற்குப் பொருந்தும் விளக்கம். ஐரோப்பிய வணிகரும் மஞ்சளை இந்தியக் குங்குமப்பூ என்றே அழைத்தார்கள். குங்குமப்பூ ஒரு பூவின் பகுதி என்பதால் இயல்பாகவே பூ என்று சேர்ந்திருக்கலாம் என்ற மறுப்பு எழலாம். அதை முற்றாகத் தள்ள இயலாது. ஆயினும் மாற்றுப்பொருள் என்ற கருத்தையே வலுவானதாகக் கருதுகிறேன்.

அடுத்து சுண்ணாம்பு. மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்ந்தால் சிவக்கும் என்பது ஆரத்தி கரைத்த எல்லோருக்கும் தெரியும். மஞ்சளின் நிறப்பொருளான குர்குமின் காரத்தில் சிவக்கும். அமிலம் பட்டால் மீண்டும் மஞ்சளாகும். ஆரத்தி நீரில் எலுமிச்சை பிழிந்து பார்த்தால் போதும். ஆனால் வீடுகளில் வழங்கும் குங்குமப் பக்குவம் பெரும்பாலும் எலுமிச்சைச் சாற்றோடுதான் தொடங்குகிறது. மஞ்சளை உடைத்து, வெண்காரமும் படிகாரமும் கலந்த எலுமிச்சைச் சாற்றில் ஊறவைத்து, நிழலில் உலர்த்தி, இடித்துச் சலித்து, கடைசியில் நல்லெண்ணெய் பிசிறுவார்கள். சுண்ணாம்பால் வந்த சிவப்பு இந்தச் சாற்றில் நிற்காது. இந்த ஒரு முரண்பாடே பழைய விளக்கத்தைத் தகர்க்கப் போதுமானது.

நிறம் தருவது வெண்காரம். அதிலுள்ள போரான், அமிலச் சூழலில் குர்குமினோடு பிணைந்து சிவப்புச் சேர்மமாகிறது. மஞ்சள் தோய்த்த தாளைக் கொண்டு போரிக் அமிலத்தைக் கண்டறியும் ஆய்வகச் சோதனைக்கும் இதுவே அடிப்படை. நிழலில் உலர்த்துவதற்கும் காரணம் உண்டு: குர்குமின் வெளிச்சத்தில் வெளுக்கும். ஆக, மஞ்சள் கிழங்கில் இல்லாத ஒரு சேர்மத்தை நம் பெண்கள் பாத்திரத்தில் உண்டாக்கினார்கள். குர்குமினின் அமைப்பு 1910இல்தான் நிறுவப்பட்டது. பக்குவம் அந்த அறிவைச் சார்ந்ததன்று. இதை 'இயற்கை' என்று மட்டும் சொல்வது அந்தக் கைத்திறனைக் குறைத்து மதிப்பதாகும்.

வெண்காரம் உள்ளூர்ப் பொருளும் அன்று. திபெத்திய ஏரிகளிலிருந்தும் லடாக்கின் பூகா பள்ளத்தாக்கிலிருந்தும் வணிகவழியே இறங்கியது. பொற்கொல்லர் பற்றவைப்புக்குப் பயன்படுத்தியது. அது தமிழக அடுக்களைக்கு எப்போது வந்தது என்பதைப் பொறுத்தே இப்பக்குவத்தின் வயதும் அமையும். அந்தக் காலத்தை இப்போதைக்குத் திறந்தே விடுகிறேன். கனிமம் என்பதாலேயே அது தீங்கற்றதும் ஆகாது: ஐரோப்பிய ஒன்றியம் போரான் உப்புகளை இனப்பெருக்கத்துக்குத் தீங்கானவை என வகைப்படுத்தியுள்ளது.

செயற்கைச் சாயங்களின் கதை ஓரளவு தெரிந்ததே. அவற்றில் ஒன்றான ரோடமின் பி 1887இல் உருவாக்கப்பட்டது. குங்குமம் இட்ட இடத்தில் தோல் அரித்துக் கறுத்தவர்களைச் சோதித்த மருத்துவர்கள் பிரில்லியண்ட் லேக் ரெட் ஆர், சூடான் 1 ஆகியவற்றைக் காரணிகளாகப் பதிந்திருக்கிறார்கள். இங்கே பழைய வாசிப்போடு எனக்குப் பிணக்கில்லை. போரான் சேர்மமும் சூடான் சாயமும் இரண்டுமே செய்யப்பட்டவைதாம். ஆனால் முன்னதில் என்ன சேர்ந்தது என்பது செய்தவருக்குத் தெரியும். பின்னதில் பொட்டலத்தை வாங்குபவருக்குத் தெரிவதில்லை.

உங்கள் வீட்டுப் பழைய நோட்டில் குங்குமப் பக்குவம் இருந்தால், அதில் வெண்காரம் உண்டா, எழுதியது எந்த ஆண்டு, எந்த ஊர் என்று குறித்து வையுங்கள். திறந்து நிற்கும் அந்தக் காலக்கணக்கை அத்தகைய தாள்களைக் கொண்டுதான் தொடர முடியும்.